சாவி ஆணியில் தொங்கும்வரை

—கையை விடுக்கா. தொடாதே. முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. நேத்து சாயங்காலம் போன்ல என்ன சொன்ன? அப்பா எழுந்து உட்கார்ந்து டீயில பிஸ்கட் தொட்டுச் சாப்பிட்டாருன்னு சொன்னியா இல்லையா?

—மெதுவாப் பேசுடா. இது ஆஸ்பத்திரி.

—ஆஸ்பத்திரின்னு எனக்கும் தெரியும். கீழே வார்டு வார்டா தேடிட்டுத்தான் மேல வர்றேன். பொது வார்டுல அப்படி ஒரு ஆளே இல்லையாம். கவுன்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, 'அவரு வந்த அன்னைக்கே ஐ.சி.யூ.தான் சார், உங்க வீட்டு ஆளுங்க மேல இருக்காங்க, அவங்களைப் போய்ப் பாருங்க'ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. வந்த அன்னைக்கே! அந்தப் பொண்ணு முன்னாடி நான் பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிக்கிறேன். அப்பன் எங்க படுத்திருக்கான்னு தெரியாத மகன். எப்படி இருக்கு?

—சரி, உட்காரு. முகமெல்லாம் தூசி. வண்டியை எங்க நிறுத்தின?

—வாசல்ல கிடக்கு.

—சாவி?

—பாக்கெட்ல. இப்ப அதா உனக்கு முக்கியம்? பேச்சை மாத்தாதே. அந்த டிக் டிக் சத்தம். நீ பேசும்போது பின்னாடி கேட்டுக்கிட்டே இருந்துச்சே, அது என்னன்னு கேட்டேனா? டிவின்னு சொன்ன. எந்த சீரியல்லக்கா விடாம டிக் டிக்னு அடிக்கும்? சொல்லு பாப்போம்.

—வாயில வந்ததைச் சொன்னேன்.

—அடேங்கப்பா! பிஸ்கட், டீ, பக்கத்துக் கட்டில்காரரோட ஃபேன் யாருக்குன்னு சண்டை, நர்ஸ் ஊசி போட வந்தா போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டது, அத்தனையும் வாயில வந்ததா? நீ கதை எழுதப் போயிருக்கலாம்.

—சண்டை போட்டாருன்னு சொன்னாத்தானேடா நீ நம்புவே? அப்பா சும்மா படுத்திருக்காருன்னு சொல்லியிருந்தா அந்த நிமிஷமே ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பே.

—மிதிச்சிருப்பேன்! மிதிக்கத்தான் செய்வேன்! பெத்த அப்பன் சாகக் கிடந்தா ஊர்கோலமாவா வருவாங்க?

—அதுக்குத்தான் சொல்லல.

—எவ்வளவு சாதாரணமா சொல்றே பாரு. நான் என்ன பண்ணிட்டு வந்தேன் தெரியுமா உனக்கு? லோடை இறக்கிட்டு, அங்க குடோன்ல இருக்கிற ஆளுங்களோட உட்கார்ந்து சீட்டு ஆடினேன். அப்பாவுக்குச் சரியாப் போச்சுன்னு அப்படி ஒரு நிம்மதி எனக்கு. வண்டியை ஓரம் கட்டிட்டு, காலை நீட்டி, குறட்டை விட்டுத் தூங்கினேன். காலையில குளிச்சேன். ஷேவ் பண்ணினேன். தாடியோட வந்தா அவரு 'என்னடா, கடன்காரன் துரத்துறானா'ன்னு கேப்பாரேன்னு, கண்ணாடி முன்னாடி நின்னு நிதானமா ஷேவ் பண்ணினேன்!

—உனக்குத் தெரியாதுல்ல. அதுல என்ன தப்பு?

—இரு, இன்னும் முடியல. இந்தப் பையைப் பாரு. செருப்பு. 'நடக்க ஆரம்பிச்சுட்டாரு, பழைய செருப்பு வார் அறுந்து போச்சுன்னு முனகுறாரு'ன்னு யாரு சொன்னா? நீதானே? கடையில ஏறி, பிரவுனா கறுப்பான்னு கடைக்காரன்கிட்ட ஆலோசனை வேற கேட்டேன். குதிகாலு வெடிப்புக்கு அடி மெத்துன்னு இருக்கணும்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். இங்க அவரு மூச்சுக்கு அல்லாடிட்டு இருக்காரு, அங்க நான் செருப்பை அமுக்கிட்டு இருக்கேன். இந்தா! நீயே வச்சுக்க! நீயே போட்டுக்கிட்டு நட!

—எறியாதே. கொடு இங்க. அட, ஒண்ணு அந்தப் பக்கம் போயிடுச்சு பாரு.

—போகட்டும். காலையிலயாவது சொன்னியா? நான் போன் போட்டேன். 'டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருக்காங்க'ன்னு கட் பண்ணிட்டே. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல. உனக்கு என் மேல அவ்வளவு வஞ்சமா? நான் வந்து அப்பா பக்கத்துல உட்கார்ந்துடுவேன்னு வயித்தெரிச்சலா?

—டேய், வாயை அளந்து பேசு.

—அளக்க மாட்டேன். எப்பவும் நீதானே அவருக்கு எல்லாம். அவருக்கு என்ன மாத்திரை, எப்ப முடி வெட்டணும், எந்தச் சட்டை, எல்லாம் உனக்குத்தான் தெரியும். நான் விருந்தாளி. வந்தா 'வாப்பா, சாப்பிட்டியா'ன்னு கேக்கிற விருந்தாளி. கடைசி நேரத்துலயும் என்னை வாசல்லயே நிக்க வச்சுட்டே.

—போதும்! நீ கத்தினது போதும். இப்ப நான் பேசட்டுமா, பெரிய மனுஷா? வந்த நாள்ல இருந்து இந்த பிளாஸ்டிக் நாற்காலி. இதோட பட்டை என் முதுகுல பதிஞ்சு கிடக்கு. அந்தக் கதவு திறந்தா எழுந்து நின்னுடுவேன். யாரைக் கூப்பிடுறாங்களோ, எதுக்குக் கூப்பிடுறாங்களோன்னு. மருந்துக்கு ஓடணும், ரத்தம் குடுக்க ஆள் தேடி ஓடணும். 'தொண்டையில குழாய் போடணும், சீக்கிரம் முடிவு சொல்லுங்க'ன்னு அந்தச் சின்ன டாக்டர் வந்து நிக்கிறாரு. நான் யாருகிட்டடா கேக்கிறது? என்னைக் கட்டிக்கிட்ட உன் மாமாகிட்டயா? அவரு காபிக்குச் சக்கரை போடலாமான்னு கேட்டாலே என் முகத்தைப் பாப்பாரு. தனியா நின்னு 'போடுங்க'ன்னு சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து செவுத்துல சாயறேன், உன் போன் அடிக்குது. தொண்டையைக் கனைச்சுட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே உனக்குப் பிஸ்கட் கதை சொன்னேன். அதுக்கு எனக்கு வஞ்சமா? பொய் சொல்ல எனக்கென்ன ஆசையா?

—அப்புறம் யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?

—அப்பா.

—என்னது?

—அப்பாதான். மூச்சு வாங்குது, பேச முடியல, என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, 'அவன் ரோட்டுல இருக்கான், ஒண்ணும் சொல்லாதே'ன்னாரு.

—அவரு... என்கிட்ட பேசினாரே அன்னைக்கு. 'நல்லா இருக்கேன், மெதுவா வா'ன்னு. அவ்வளவுதான் பேசினாரு. என்னடா இது, எப்பவும் டயர்ல காத்து பாத்தியான்னு கேக்காம போனை வைக்க மாட்டாரே, ஏன் இவ்வளவு சுருக்கம்னு நினைச்சேன்.

—அந்த ஒரு வரி பேசறதுக்கு மாஸ்க்கைக் கழட்டினாரு. கழட்டாதீங்கன்னு நர்ஸம்மா என்னையும் சேத்துத் திட்டுறாங்க. கேக்கிற ஆளா? குரல் நடுங்கக் கூடாதுன்னு கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசினாரு. பேசி முடிச்சுட்டு போனை என் கையில திணிச்சாரு. 'வண்டி நிக்கட்டும். சாவியை மாட்டட்டும். அப்புறம் சொல்லு.' அதுக்கப்புறம் குழாய் போட்டுட்டாங்க. பேச்சே இல்ல.

—மாட்டட்டும்! அங்கயும் ஆணியா? சாகக் கிடக்கும்போதும் அந்த ஆணியா? பொல்லாத ஆணி! வாசக் கதவுக்குப் பக்கத்துல ஒரு துருப்பிடிச்ச ஆணியை அடிச்சு வச்சுட்டு ஆயுசு பூரா அதைக் காட்டியே நம்மளை மிரட்டினாரு.

—காரணம் இல்லாமலா அடிச்சாரு?

—தெரியும், அம்மா கதை. ஆயிரம் தடவை கேட்டாச்சு.

—நீ கேட்டதோட சரி. கைப்பிள்ளை நீ. நான் பாத்தவ. அம்மா போனப்போ அப்பா லோடோட எங்கயோ இருக்காரு. சித்தப்பா எப்படியோ அவரு வழக்கமா டீசல் போடுற பங்க்குக்குப் போன் போட்டு, பச்சையாச் சொல்லிட்டாரு. 'உன் பொண்டாட்டி போயிட்டா, கிளம்பி வா.' அப்பா அழுதுகிட்டே ஓட்டியிருக்காரு. கண்ணு பூராத் தண்ணி, ரோடே தெரியல. பாலத்துச் செவுத்துல ஏத்திட்டாரு. அவருக்கு ஒரு கீறல் இல்ல. பக்கத்துல படுத்துத் தூங்கிட்டு வந்த கிளீனர் போயிட்டான். கல்யாணம் நிச்சயமானவன்டா அவன். அப்பாவால அம்மா முகத்தையும் பாக்க முடியல, அவன் வீட்டு வாசல்லயும் போய் நிக்க முடியல. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவரு ஒரு சொட்டு அழல. சுத்தியலை எடுத்தாரு, ஆணியை அடிச்சாரு. 'இனிமே நான் சாவியை இதுல மாட்டின பிறகுதான் இந்த வீட்டுல யாரும் எனக்கு எதையும் சொல்லணும். அதுவரைக்கும் எல்லாரும் நல்லா இருக்கோம்.' இவ்வளவுதான் சொன்னாரு.

—சாவியை மாட்டிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, 'ம், இப்ப சொல்லுங்க'ன்னு உட்காருவாரு.

—நாம வரிசையாக் கோள் சொல்லுவோம்.

—நீ சொல்லுவே. நான் அடி வாங்குவேன்.

—நீ கணக்குல பெயிலானப்போ என்ன பண்ணின?

—இப்ப எதுக்கு அது?

—ஆணியையே பிடுங்கி ஒளிச்சு வச்சே! திருட்டுப் பயலே! அப்பா வந்து சாவியைக் கையில வச்சுக்கிட்டு செவுத்தைத் தடவுறாரு, ஆணியைக் காணோம். அவருக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா சாவியை மாட்டலையே, எப்படிக் கேப்பாரு? 'சட்டம்னா சட்டம்'னுட்டு அன்னைக்குப் பூரா சாவியைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வந்தாரு. சாப்பிடும்போதுகூட இடது கையில சாவி. சிரிப்பை அடக்க முடியாம மீசை துடிக்குது அவருக்கு. உன்னை ஒரு வார்த்தை கேக்கல.

—மறுநாள் புது ஆணி அடிச்சுட்டு என் முதுகுத் தோலை உரிச்சாரே, அதையும் சொல்லு.

—அதுவும் ஞாபகம் இருக்கு. சரிடா. சாவியைக் கொடு. போய் முகம் கழுவிட்டு வா.

—முகம் கழுவ நான் வரல. அப்பாவைப் பாக்க வந்திருக்கேன். இந்தக் கதவுதானே?

—இப்பப் போக முடியாது. நில்லுடா! உடம்பு துடைச்சுத் துணி மாத்திக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் அவங்களே கூப்பிடுவாங்க.

—என் அப்பனுக்குத் துணி மாத்தறதை நான் பாக்கக் கூடாதா? டாக்டர் எங்க? அந்தச் சின்னப் பையன் வேண்டாம், பெரிய டாக்டர். பேரு மட்டும் வாசல்ல கொட்டை எழுத்துல மாட்டி வச்சிருக்காங்களே, அந்த ஆளு.

—வீட்டுக்குப் போயிட்டாரு.

—வீட்டுக்கா? இவரு உள்ள கிடக்கும்போது அவரு வீட்டுக்குப் போயிட்டாரா? வீடு எங்க? விலாசத்தைச் சொல்லு. இப்பவே வண்டியை எடுத்துட்டுப் போய், அவரு வீட்டு கேட்டு முன்னாடி ஹாரனை அமுக்கிப் பிடிக்கிறேன். சோத்துல கை வச்சிருந்தாலும் அப்படியே தூக்கி கேபின்ல போட்டுட்டு வர்றேன். ஏன்யா போனே, எப்படிய்யா போனேன்னு நாலு கேள்வி கேக்கணும் அந்த ஆளை.

—நீ எங்கயும் போகக் கூடாது. உட்காரு.

—நீ யாரு என்னை உட்காரச் சொல்ல?

—இங்க லாரி டிரைவர் யாருங்க? சார், நீங்களா? கீழே வாசல்ல மஞ்சக் கலர் லாரி உங்களுதா?

—ஆமா. அதுக்கென்ன இப்ப?

—அதுக்கென்னவா? நல்லாக் கேட்டீங்க சார். ஆம்புலன்ஸ் வர்ற வழியில கோட்டை மாதிரி கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கீங்க. ஒரு வண்டி உள்ள வர முடியல, ஒரு வண்டி வெளிய போக முடியல. மேலிடத்துல இருந்து என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. செக்யூரிட்டின்னா இளிச்சவாயனா?

—எடுப்பேன்யா, கொஞ்சம் பொறு. குடும்ப விஷயம் பேசிட்டு இருக்கோம்ல?

—குடும்பமாவது ஒண்ணாவது. வர்றவங்க எல்லாரும் குடும்பத்தோடதான் சார் வர்றாங்க. அவனவன் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல வர்றான். முதல்ல கிளப்புங்க. இல்லைன்னா காத்தைப் பிடுங்கி விட்டுடுவேன்.

—கை வச்சுப் பாரு! என் டயர்ல கை வச்சுப் பாரு நீ!

—டேய்! அண்ணே, கோச்சுக்காதீங்க. இப்பவே எடுத்துடறோம். சாவியைக் கொடுடா, கீழே மாமா நிக்கிறாரு, அவர் எடுத்து ஓரமா நிறுத்துவாரு.

—மாமாவா? ஸ்கூட்டரையே ரெண்டு காலையும் தரையில தேச்சுக்கிட்டு ஓட்டுற ஆளு. அவருக்கு என் லாரியா? ஆஸ்பத்திரி வாசலை இடிச்சுத் தள்ளிடுவாரு. இதோ சாவி, நானே எடுக்கிறேன். அப்படியே அந்த டாக்டர் வீட்டையும் ஒரு பார்வை பாத்துட்டு வர்றேன்.

—நீ எடுக்கக் கூடாது!

—ஏன்?

—நீ இப்ப ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். சாவியைக் கொடு.

—யாரு எடுத்தா என்னம்மா? எடுத்தாச் சரி. ஆமா, எந்தப் பேஷன்ட் வீட்டுக்காரங்க நீங்க? பாஸ் இல்லாம மேல ஏறி வந்துட்டு சத்தம் வேற.

—ஜன்னலோரக் கட்டில், அண்ணே. எங்க அப்பா. இவன் இப்பத்தான் வந்து சேந்தான்.

—ஜன்னலோரமா? அந்தப் பெரியவரா?

—ஆமா அண்ணே.

—இவருதான் மகனா?

—ஆமா.

—அடடா. எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன். மன்னிச்சுக்குங்க சார். வண்டி அங்கேயே நிக்கட்டும். ஆம்புலன்ஸை நான் பின்பக்கமா விடச் சொல்றேன். நீங்க உட்காருங்க சார். தண்ணி வேணும்னா ஒரு குரல் குடுங்க, நான் கீழதான் இருக்கேன்.

—யோவ், நில்லு. எங்க போறே? இரு, சொல்லிட்டுப் போ! என்னாச்சு இந்த ஆளுக்கு? காத்தைப் பிடுங்குவேன்னு குதிச்சான். இப்பத் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் போறான்.

—விடுடா. நல்ல மனுஷன்.

—லாரி நிறுத்துற இடத்துல என்கிட்ட எந்த செக்யூரிட்டியும் மன்னிப்புக் கேட்டதில்லக்கா.

—சாவியைக் கொடு.

—சத்தமே காணோம்.

—என்ன சத்தம்?

—அந்த டிக் டிக். நீ இதே நாற்காலியில உட்கார்ந்துதானே பேசினே? அந்தக் கதவு தாண்டி போன்ல எனக்கே கேட்டுச்சு. இப்ப இவ்வளவு பக்கத்துல நிக்கிறேன், ஒண்ணுமே கேக்கலையே?

—கையை நீட்டுடா.

—பெரிய டாக்டர் ஏன் வீட்டுக்குப் போனாரு? கவுன்டர்ல அந்தப் பொண்ணு ஏன் தலையைக் குனிஞ்சுது? மாமா ஏன் கீழ போய் நிக்கிறாரு, நான் மேல வர்ற வரைக்கும் என் கண்ணுலயே படாம? வந்ததுல இருந்து சாவி, சாவி, சாவின்னு ஏன்க்கா கேக்கிறே?

—கொடுடா. என் கையில வை. அப்புறம் நீ என்ன கேட்டாலும் சொல்றேன். என்னைத் திட்டு. அடிக்கணும்னா அடி. நான் தப்புப் பண்ணிட்டேனோ, முன்னாடியே உனக்குச் சொல்லியிருக்கணுமோன்னு காலையில இருந்து என் நெஞ்சு வெந்துக்கிட்டு இருக்கு. ஆனா அவரு சொன்னதை நான் எப்படிடா மீறுவேன்? சாவியைக் கொடுடா, தங்கம்.

—மாட்டேன்.

—கையைத் திற. பாரு, எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே, உள்ளங்கையில குத்தி ரத்தம் வருது.

—மாட்டேன்னு சொல்றேன்ல! வரட்டும்! சாவி என் கையிலதான் இருக்கு. நான் இன்னும் மாட்டல. சட்டம்னா சட்டம். நான் இன்னும் ரோட்டுலதான் இருக்கேன். ரோட்டுல இருக்கிறவன்கிட்ட என்ன சொல்லணும்? உனக்குத்தான் நல்லாத் தெரியுமே! நேத்து போன்ல எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லுக்கா.

—என்னால முடியலடா.

—சொல்லு! நேத்து முடிஞ்சுதுல்ல? சிரிச்சுக்கிட்டே சொன்னேல்ல? சொல்லுக்கா!

—அப்பா எழுந்து உட்கார்ந்துட்டாருடா. டீ கேட்டாரு. புதுச் செருப்பு காலுக்கு மெத்துன்னு இருக்குன்னு சொன்னாரு. நீ ஒண்ணும் அவசரப்படாதே. மெதுவா வா.